மின்சாரம் போனால் தொலைபேசி என்ன ஆகும்?

செப்புக் கம்பித் தொலைபேசியின் காலம் முடிந்தது, இனி அலுவலக அழைப்புகள் எல்லாம் இணையம் வழியாகத்தான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மறுக்கவில்லை, பிரிட்டன்கூட பழைய தொலைபேசிச் சேவையை நிறுத்த 2027 ஜனவரி இறுதி என்று நாள் குறித்துவிட்டது. ஆனால் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் தொலைபேசி நிலையத்து பேட்டரியிலிருந்து கம்பி வழியாகவே வந்துவிடும். இடி மழையில் ஊரே இருண்டாலும் கிராணி (தோட்ட எழுத்தர்) ரிசீவரை எடுத்தால் டயல் ஒலி கேட்கும். இணையம் வரும் ஃபைபரில் (ஒளியிழைக் கம்பியில்) அப்படியில்லை. மோடம், ரௌட்டர், தொலைபேசி மூன்றுக்கும் நம் சுவரிலிருந்துதான் மின்சாரம் போக வேண்டும். மரம் விழுவதும் ஆள் அடிபடுவதும் அவசர உதவிக்கு 999-ஐ அழைக்க நேர்வதும் அதே மழையில்தான். கைப்பேசி இருக்கிறதே என்பார்கள். தோட்டத்தின் மேட்டுப் பிரிவுகளில் சிக்னல் ஒரு கோடு வருவதே பெரும்பாடு. ஆகவே இணையத் தொலைபேசியை விற்க வருகிறவரிடம், மின்சாரம் போனால் மாற்று பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று முதலில் கேளுங்கள். அதோடு சேர்த்து, அழைப்பைத் தானே எழுத்தாக்கும் செயற்கை நுண்ணறிவு வரட்டும், நல்லதுதான். தமிழும் மலாயும் கலந்து பேசும் மண்டோரின் (வேலை மேற்பார்வையாளரின்) பேச்சை அது சரியாகப் பிடிக்கிறதா என்று உங்கள் அழைப்பிலேயே சோதித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.