எல்லாரும் மெக்சிகன் இல்லீங்க

நியூயார்க் ஜாக்சன் ஹைட்ஸ் என்றால் நம்மாட்களுக்கு 74ஆவது தெருதான். படேல் பிரதர்ஸில் புளி, பருப்பு வாங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு ரயில் ஏறிவிடுவோம். நானும் ஆறு வருடம் அப்படித்தான். ரூஸ்வெல்ட் அவென்யூவில் கிழக்கே போனால் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், "அது மெக்சிகன் ஏரியா" என்பேன். எனக்கும் யாரோ சொன்னதுதான்.

இத்தனைக்கும் டெல்லியில் வேலை பார்த்த மூன்று வருடமும் "மதராசி" என்று கூப்பிட்டவர்களோடு மல்லுக்கு நின்றவன் நான். பக்கத்து சீட்டு மலையாளி, மாடி வீட்டுத் தெலுங்குக்காரர், நான் எல்லாரும் அவர்களுக்கு ஒரே சரக்கு. அப்பேர்ப்பட்டவன் போன வருடம் 82ஆவது தெரு பக்கம் ஒரு பேக்கரிக்குள் நுழைந்து மெக்சிகன் பண்டமான டாகோ இருக்கிறதா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மா கோபிக்கவில்லை. சுவரிலிருந்த மஞ்சள், நீலம், சிவப்புக் கொடியைக் காட்டி "கொலம்பியா" என்றார். உடுப்பி ஹோட்டலில் போய் பட்டர் சிக்கன் கேட்ட கதை. (எக்வடோர் கொடியிலும் அதே மூன்று வண்ணம்தான். நடுவில் சின்னம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது பிறகு கற்றுக்கொண்டது.)

டாகோவுக்குப் பதிலாக அவர் கொடுத்தது பாண்டேபோனோ. சூடாக, உருண்டையாக, பிய்த்தால் பாலாடைக்கட்டியோடு இழுபடும் ரொட்டி. எதில் செய்தது என்று கேட்டேன். யூக்கா மாவு என்றார். யூக்கா என்றால் நம்ம குச்சிக்கிழங்கு, மரவள்ளி! நான் சேலத்துக்காரன். சேகோ பேக்டரிகளின் புளித்த வாடை எட்டு மைலுக்கு அப்பாலேயே "ஊர் வந்துடுச்சு" என்று சொல்லும். அந்தக் கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று பள்ளியில் படித்ததுண்டு. படித்ததோடு சரி. அதன் பிறந்த வீட்டு ஆட்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்புறம் கிழங்கு போன வழியே நானும் போனேன். தலைக்கு மேலே 7ஆம் நம்பர் ரயில். 1917இல் போட்ட இரும்புப் பாலம். அது கடக்கும்போது பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அந்தத் தெருவின் பழக்கம். எக்வடோர்காரர் கடையில் மீனும் யூக்காவும் போட்டு, மேலே வெங்காயம் தூவிய என்செபொயாடோ. பெரு நாட்டுக் கடையில் பொரித்த யூக்கா. 103ஆவது தெரு கொரோனா பிளாசா என்ற சதுக்கத்தை நெருங்கினால்தான் மெக்சிகோ, அதிலும் பியூப்லா மாநிலத்து ஆட்கள். அங்கே ராஜா மக்காச்சோளம். தள்ளுவண்டியில் மாங்காயைக் கீறி மிளகாய்த்தூள் தூவித் தருகிறார்கள். மெரினாவில் தின்ற அதே சுவை, எலுமிச்சை மட்டும் கூடுதல். மிளகாயே அவர்கள் ஊரிலிருந்து நமக்கு வந்ததுதானே.

சாப்பாட்டுப் பட்டியலோடு வந்து படம் எடுத்துப் போகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அந்தத் தெருவைத் தாங்குவது வேறு கடைகள். ஊருக்குப் பணம் அனுப்பும் ஜன்னல்கள், வெள்ளிக்கிழமை மாலை அங்கே வரிசை. பார்சல் அனுப்பும் கடை. பெண் பிள்ளைகளின் 15ஆவது பிறந்தநாளுக்கான கவுன் கடை. கண்ணாடிக்குள் நிற்கும் அந்த நீல, ரோஸ் கவுன்களைப் பார்த்தால் நம்மூர் மஞ்சள் நீராட்டு விழாப் பட்டுப் பாவாடைதான் ஞாபகம் வரும்.

இன்னொன்று, "நோட்டாரியோ" என்ற பலகை. அவர்கள் நாடுகளில் நோட்டாரியோ என்றால் சட்டம் படித்த பெரிய ஆள். நம்மூர் நோட்டரியும் வக்கீல்தான். இங்கேயோ தேர்வு எழுதி முத்திரை வாங்கியவர் எவரும் நோட்டரி. அது மட்டும் இருந்தால் குடியேற்ற வழக்கில் ஆலோசனை சொல்ல அதிகாரம் கிடையாது. ஒரு சொல் கடல் தாண்டி வந்து அர்த்தம் மாறிப்போனதில் பணத்தையும் வழக்கையும் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர்.

எல்லாருக்கும் தாய்மொழி ஸ்பானிஷ் என்றும் இல்லை. மிஷ்தெக், கிச்வா என்ற பழங்குடி மொழிகள் பேசும் வீடுகளும் உண்டு. அவர்களுக்கு ஸ்பானிஷே இரண்டாவது மொழி. "ஸ்பானிஷ்காரங்க" என்று மொத்தமாகச் சொல்லும்போது இதெல்லாம் காணாமல் போகிறது.

2023 ஜூலையில் கொரோனா பிளாசா தெருக்கடைகளை நகர நிர்வாகம் அப்புறப்படுத்தியது. உரிமம் இல்லையாம். உணவு அல்லாத பொருள் விற்க, முன்னாள் படைவீரர்கள் தவிர மற்றவர்களுக்கு, முழு நகரத்துக்கும் 853 உரிமம் என்று 1979இல் வரம்பு கட்டி, பல பத்தாண்டுகள் அதை நகர்த்தவே இல்லை. கிடைக்காத காகிதத்தைக் காட்டு என்றால் எங்கே போவார்கள்? பிறகு எண்ணிக்கையைக் குறைத்து மறுபடி சந்தை போட விட்டார்கள். எனக்கு அது போதாது. ஆட்டையாம்பட்டி சந்தையில் முறுக்கு விற்றுக் குடும்பம் நடத்திய பாட்டியின் பேரன் வேறென்ன சொல்வேன்?

போன சனிக்கிழமை பாண்டேபோனோவோடு பக்கத்துக் காய்கறிக் கடையில் இரண்டு கிலோ யூக்காவும் வாங்கினேன். வாடாமல் இருக்கத் தோலில் மெழுகு பூசியிருந்தது. பில் போட்ட அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு கிழங்கை எடுத்தார். தோலை இப்படிச் சீவு, நெடுக்கே பிள, நடுவில் இருக்கும் நாரை உருவிப் போடு, நன்றாக வேகவை என்று விரலாலேயே பாடம் எடுத்தார். சேலத்துக்காரனுக்கு! பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.