வாசல் காவலன் சாகத்தான் நிற்கிறானா?

போன சனிக்கிழமை நம் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையாட்டத்தில், கோட்டைவாசலில் நடந்தது இங்கே பாதிப்பேருக்குத் தெரியும். மீதிப்பேருக்கு மூன்று நாளாகச் சுற்றுகிற ஸ்க்ரீன்ஷாட்டுகள் சொல்லியிருக்கும். "டிஎம் வேண்டுமென்றே விஸார்டைச் சாய்த்துவிட்டார்" என்கிறார்கள். அந்த டிஎம், அதாவது கதையை நடத்தி எதிரிகளை ஆடுபவர், நான்தான். விஸார்ட் ஓர் ஆட்டக்காரரின் மந்திரவாதி. பேசிவிடுகிறேன்.

வாசலில் நின்றவர்கள் பன்னிரண்டு காவலர்கள். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் 2014-லிருந்து இருக்கிற அதே கார்ட் (காவலன்): 11 ஹெச்பி (உயிர்ப்புள்ளி), ஒரு ஈட்டி, அடிக்க இருபது முக டைஸோடு +3. ஒரு புள்ளிகூட நான் கூட்டவில்லை. ஐந்தாம் லெவல் விஸார்ட், ஏசி 12 (அடி பட எட்டவேண்டிய எண்), 32 ஹெச்பி, துணைக்கு ஆளில்லாமல் இருபதடி தூரத்தில் போய் நின்று சார்ஜென்ட்டை மிரட்டினார். யாருக்கு முதல் முறை என்று உருட்டுகிற இனிஷியேட்டிவில் காவலர்கள் முந்தினார்கள். பன்னிரண்டு பேரும் ஈட்டியை வீசினார்கள். 9 விழுந்தாலே படும், அதாவது நூற்றுக்கு 60. பட்ட ஈட்டிக்குச் சராசரி 4.5. பெருக்கிப் பாருங்கள், 32 வந்துவிடும். டைஸ் எல்லார் கண்முன்னாலும்தான் உருண்டது.

அவர்கள் மந்திரவாதிகள் நடமாடுகிற உலகத்தில் சம்பளம் வாங்குகிற சிப்பாய்கள். ஃபயர்பால் (நெருப்புருண்டை மந்திரம்) ஒன்று விழுந்தால் அங்கே கொத்தாக நிற்கிற ஒவ்வொருவனுக்கும் சராசரி 28 ஹெச்பி போகும். சேவ் (தப்பிக்க உருட்டுவது) போட்டுத் தப்பினாலும் 14. 11 வைத்திருக்கிறவன் என்ன ஆவான்? இது தெரிந்த சார்ஜென்ட் ஆட்களைக் கொத்தாக நிறுத்துவானா? வாசலின் இரண்டு பக்கமும் பிரித்துத்தான் நிறுத்துவான். மந்திரவாதியைத்தான் முதலில் சாய்க்கச் சொல்வான். அது அவன் தொழில்.

தொழில் என்கிற வார்த்தையை அழுத்தித்தான் சொல்கிறேன். இடைக்கால உலகம் என்று சொல்லித்தானே ஆடுகிறோம்? 1415-ல் ஐந்தாம் ஹென்றியோடு பிரான்சுக்குப் போன குதிரை வில்லாளிக்கு நாளுக்கு 6 பென்ஸ், கவசம் போட்டவனுக்கு 12 பென்ஸ் என்று ஒப்பந்தம் எழுதிவிட்டுத்தான் கப்பலேற்றினார்கள். 1445-ல் ஏழாம் சார்ல்ஸ் போர் இல்லாத நாளிலும் சம்பளம் கொடுத்து நிரந்தரப் படையே வைத்தார். நாட்கணக்கில் கூலி பேசி வந்தவன் சாவதற்காக வரவில்லை. வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வந்தான்.

அதனால் ஓடவும் செய்வான். இந்த ஆட்டத்தின் 1981 பேசிக் பதிப்பிலேயே மொரேல் (மனத்திடம்) இருந்தது: 2 முதல் 12 வரை ஓர் எண், இரண்டு டைஸ் அதைத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரண். 2014 பதிப்பிலும் மொரேல் விருப்பப்பட்டால் வைத்துக்கொள்ளும் விதிதான். நான் வைத்திருக்கிறேன். அன்றும் நம் ஃபைட்டர் மூன்று பேரை வெட்டியதும் மொரேல் உருட்டினேன். நாலு பேர் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அந்த ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் யாரும் போடவில்லை.

"ஷீல்ட் ஸ்பெல் (அடியைத் தடுக்கும் மந்திரம்) போட விடவில்லையே" என்கிறார்கள். கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். விஸார்டை ஆடியவர் அன்றைக்கு அதைத் தயார்செய்யவில்லை என்றார். "ஆட்டம் இழுக்கிறது" என்பது நியாயம், பன்னிரண்டையும் இனி மொத்தமாக அள்ளி உருட்டுகிறேன். "ஃபேன்டஸிதானே, ஹீரோ ஜெயிக்க வேண்டாமா?" ஜெயியுங்கள். புத்தியுள்ளவனை ஜெயியுங்கள். வைக்கோல் பொம்மையை வெட்டிவிட்டு வீரம் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

இவ்வளவோடு விட்டிருப்பேன். "வாட்ச்மேன் இருக்கிறதே அடிவாங்கத்தானே" என்று ஒருவர் எழுத, கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். சிரித்தவர்களில் என் மேசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து ஆடியவர்களும் உண்டு.

என் அப்பா ராத்திரிக் காவல் பார்த்தவர். விசிலைப் பையில் போடமாட்டார். இருட்டில் பையைத் துழாவ நேரம் போய்விடும் என்று மணிக்கட்டில் நூலால் கட்டியிருப்பார். கட்டிக் கட்டி அந்த இடத்தில் ரோமமே முளைக்காமல் வழுவழுவென்று ஒரு வளையம். "கள்ளனைப் பிடிக்கிறது என் வேலை இல்லடா. தூங்குறவங்களை எழுப்புறதுதான் என் வேலை" என்பார். நிறைய பேர் அவரைக் கடந்து போவார்கள், முகத்தைப் பார்க்காமல். நான் கூடவே நிற்பேன், அதனால் தெரியும். ஹெச்பி, ஏசி என்று நான் இவ்வளவு நேரம் கணக்குச் சொன்னதெல்லாம் இதற்காகத்தானோ என்னவோ.

அதனால்தான் என் ஆட்டத்தில் ஒவ்வொரு வாசலிலும் சண்டைக்கே வராமல் ஒருவன் பின்னால் நிற்பான், மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு. சனிக்கிழமையும் நின்றான். முதல் ரவுண்டிலேயே மணி அடித்தது என்று சத்தமாகச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

விஸார்ட் சாகவில்லை, மூன்று சேவ் பலித்து உயிர் தப்பி மயங்கிக் கிடக்கிறார். மணிச்சத்தம் கேட்டு மேலேயிருந்து வெட்டரன்கள் (அனுபவசாலிச் சிப்பாய்கள்) இறங்கி வருகிறார்கள், ஆளுக்கு 58 ஹெச்பி. ஆட வருகிறவர்கள் இந்தச் சனிக்கிழமை அதே நேரத்துக்கு வாருங்கள். சரணடைகிறேன் என்றால் அந்தச் சார்ஜென்ட் கேட்டுக்கொள்வான். அவனுக்கும் விடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும்.