சொந்தப் பெயரில் எழுதிய விண்ணப்பம்

சென்ற வாரம் என் வகுப்பு மாணவியர் ஏழு பேர் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். கழிப்பறைக் குழாயில் இரண்டு மாதமாகத் தண்ணீர் வரவில்லை, சரிசெய்து தர வேண்டும் என்பதுதான் செய்தி. அனுப்புநர், பெறுநர், பொருள், நாள், கையொப்பம் எல்லாம் முறைப்படி இருந்தன; வார்த்தைக்கு வார்த்தை பணிவு இருந்தது. தலைமை ஆசிரியரிடம் கொடுத்த அன்று மாலையே ஏழு பேரின் வீட்டுக்கும் தகவல் போய், மறுநாள் பெற்றோர் வரவழைக்கப்பட்டார்கள். “படிக்க வந்த பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?” என்று அவர்கள் முன்னால் கேட்கப்பட்டது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்தும் எனக்கு அதற்காகத்தான் சம்பளம் தருகிறார்கள்.

தமிழ்த் தேர்வில் இதே விண்ணப்பத்தை ஆண்டுதோறும் எழுதச் சொல்கிறோம். தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் வரவில்லை என்று மின்வாரியத்துக்கும் ஆணையருக்கும் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுதியவர் யாரென்று தெரியக் கூடாது என்பதற்காக, பெயருக்குப் பதிலாக ‘அ அ அ’ என்றும் ஊருக்குப் பதிலாக ‘ஆ ஆ ஆ’ என்றும் போடச் சொல்லிப் பழக்குகிறோம். இல்லாத தெருவின் எரியாத விளக்குக்காக எழுதினால் முழு மதிப்பெண் கொடுக்கும் நாம், இருக்கும் குழாய்க்காகச் சொந்தப் பெயரில் எழுதினால் பெற்றோரை அழைக்கிறோம். இதைவிடப் பெரிய அநியாயத்தை நான் வகுப்பறையில் பார்த்ததில்லை.

குடிமையியலுக்குப் பள்ளியில் கிடைக்கும் இடத்தை வெளியே இருப்பவர்கள் அறிய மாட்டார்கள். வரலாறும் புவியியலும் முடிந்து நாள் மிஞ்சினால்தான் அதைத் தொடுவோம். மிஞ்சிய நாளையும் கணக்கு ஆசிரியர் சிறப்பு வகுப்புக்கு வாங்கிக்கொள்வார். கடைசியில் ஒரு மதிப்பெண் வினாக்களும் ‘பொருத்துக’வும் மட்டும் நிற்கும். அடிப்படை உரிமை பறிபோனால் உச்ச நீதிமன்றத்தை நாடலாம் என்னும் அரசமைப்பின் 32ஆவது உறுப்பை அம்பேத்கர் அதன் இதயம், ஆன்மா என்று சொன்னதைக் கோடிட்ட இடத்தில் நிரப்பத் தெரியாத மாணவர் என் வகுப்பில் இல்லை. ஆட்கொணர்வு முதல் தகுதிமுறை வினவுதல் வரை, உரிமையைக் காக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் ஐந்து நீதிப்பேராணைகளின் பெயரையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் நாளை அண்ணனைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போனால் 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதும், நிறுத்தாவிட்டால் அந்த ஆட்கொணர்வுப் பேராணைதான் துணை என்பதும் அவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த இரண்டையும் சேர்த்து எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.

அடிப்படைக் கடமைகளின் கதை இன்னும் கொடுமை. 1976இல் 42ஆவது திருத்தம் 51அ உறுப்பைச் சேர்த்தது. அப்போது பத்து கடமைகள், 2002இல் பதினொன்றாயின. எண்களை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஆனால் அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்டு ஆராயும் உணர்வையும் சீர்திருத்த எண்ணத்தையும் வளர்த்துக்கொள்வது குடிமக்களின் கடமை என்று அதே உறுப்பு சொல்வதை எந்த ஆசிரியர் அறையில் நினைவில் வைத்திருக்கிறோம்? தகவல் கேட்பவர் ஏன் கேட்கிறார் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்ட பதினான்கு வயதுப் பெண்ணிடம் நாம் காரணத்தோடு சேர்த்து, சொல்லிக் கொடுத்த ஆளையும் கேட்கிறோம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் படிக்கும் எங்கள் பள்ளியை அது கட்டுப்படுத்தாதா?

வகுப்புத் தலைவரைக்கூடப் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பதில்லை, நாங்கள்தான் நியமிக்கிறோம். பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதுதான் அந்தத் தலைவருக்கு நாங்கள் தரும் ஒரே வேலை. பதவி என்றால் பிறர் வாயை அடைப்பது என்று ஆறாம் வகுப்பிலேயே படிந்துவிடுகிறது.

ஜனவரி 26 அன்று கொடியேற்றி முடித்ததும் மாணவர்களைக் கிராம சபைக்கு அழைத்துச் செல்ல அனுமதி கேட்டிருந்தேன். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே அதன் உறுப்பினர்கள் என்பது எனக்குத் தெரியும். ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும், வரவு செலவு வாசிக்கப்படுவதையும் ஓர் அம்மா எழுந்து நின்று சாலையைப் பற்றிக் கேட்பதையும் தீர்மானம் எழுதப்படுவதையும் நேரில் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஊராட்சி அமைப்பைப் பற்றி நான் நான்கு பாடவேளை பேசுவதைவிட அந்த ஒரு மணி நேரம் அதிகம் கற்றுத் தரும். “அங்கே சண்டை வரும், அரசியல் வரும், நமக்கு எதற்கு?” என்று மறுத்துவிட்டார்கள். அரசியல் வரக் கூடாது என்றால் இந்தப் பாடத்தை எதற்காக வைத்திருக்கிறோம்? பதினெட்டு வயது நிறைந்ததும் இதே பிள்ளைகள் வாக்குச்சாவடிக்குப் போகத்தானே போகிறார்கள்?

விண்ணப்பத்தை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்த மாணவி அன்றிலிருந்து வகுப்பில் கை தூக்குவதில்லை. நேற்றுச் சிறுதேர்வில் பதினொரு கடமைகளையும் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட எனக்குக் கை கூசியது.