பச்சிலைத் தண்ணீரும் பாதிச் சாராயமும்

வூஹானில் மருத்துவம் படித்த வருஷங்களில் எனக்கு முதலில் அறிமுகமான சீன மருந்து, வகுப்பில் சொல்லிக்கொடுத்தது இல்லை. விடுதியில் சாவி கொடுக்கும் அம்மா கையில் திணித்தது.

ஜூலை மாதம். சொங்சிங், வூஹான், நான்ஜிங் மூன்றையும் 'உலைகள்' என்றே சீனர்கள் சொல்வார்கள். வெயிலில் அலைந்துவிட்டு வந்து, ஐஸில் வைத்த தர்பூசணியை வயிறு முட்டத் தின்று, ஏசியை 18-ல் வைத்துத் தூங்கினேன். விடிந்ததும் வாந்தி, பேதி. அந்த அம்மா 10 மில்லி குப்பி ஒன்றை நீட்டி, மூக்கைப் பிடித்துக்கொள் என்று சைகை காட்டினார். கற்பூரமும் பழைய அலமாரியும் கலந்த வாடை. தொண்டையில் இறங்கியதும் தீ. சாயங்காலம் வயிறு அடங்கிவிட்டது. மருந்தா, நடுவில் குடித்த உப்பு சர்க்கரைத் தண்ணீரா, தானாகவே நின்றதா, சத்தியம் செய்ய மாட்டேன்.

பெயர் ஹுவோஷியாங் ஜெங்சி ஷுயி. ஷுயி என்றால் தண்ணீர். ஹுவோஷியாங் என்பது பச்சௌலி, வாசனை எண்ணெய் எடுக்கும் ஒரு பச்சிலை. ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லுக்கு வேர் தேடினால் தமிழில் கொண்டுபோய் நிறுத்துகிறது! கூடவே ஆரஞ்சுத் தோல், அதிமதுரம், பாக்கின் நார்த்தோல் என்று பாதிக்குப் பாதி நமக்குத் தெரிந்த சரக்குதான்.

சீனாவின் சொங் அரச வம்சக் காலத்து மருந்துக் கலவை இது. 1076-ல் கைஃபெங் நகரில் அரசாங்கமே மருந்துக்கடை திறந்தது. பின்னாளில் அந்த அரசு மருந்தகங்களுக்காகத் தொகுத்த மருந்துச் செய்முறை நூலில் இது வருகிறது. அதில் சொன்னது பொடி. மூன்று துண்டு இஞ்சியும் ஒரு இலந்தையும் போட்டுக் காய்ச்சி, சூடாகக் குடிக்க வேண்டும். வியர்க்க வேண்டுமென்றால் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். கவனியுங்கள், சாராயம் இல்லை.

இப்போது கடையில் வரும் 'ஷுயி'யில் 40 முதல் 50 சதவீதம் ஆல்கஹால். கிட்டத்தட்ட பிராந்தி. என் அறைத்தோழன் பல் வலிக்கு செஃபலோஸ்போரின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், வயிறு சரியில்லை என்று இதையும் ஒரு குப்பி ஊற்றிக்கொண்டான். அரை மணி நேரத்தில் முகம் செம்பருத்தி மாதிரி சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கி, அவசரப் பிரிவில் போய் நின்றோம். அந்த வகை ஆன்டிபயாடிக் சிலது ஆல்கஹாலை உடம்பு முழுசாக உடைக்க விடாது; பாதியில் நிற்கும் அசிட்டால்டிஹைடுதான் இந்தக் கூத்தை நடத்துகிறது. பச்சிலை பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால்தான் "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. "எல்லாம் ஏமாற்று" என்பவர்களிடமும் ஒட்ட முடியவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் குப்பியைத் திருப்பி லேபிளைப் படிப்பதில்லை.

சீனர்களே தப்பாகப் பயன்படுத்துவதுதான் வேடிக்கை. வெயிலில் யாராவது சுருண்டு விழுந்தால் உடனே இதை ஊற்றப் பார்ப்பார்கள். அவர்கள் வைத்தியப்படியே இது கோடையில் குளிர்ச்சியும் ஈரமும் உள்ளே போய் வரும் மந்தத்துக்கு, அதாவது என் தர்பூசணிக்கும் ஏசிக்கும். உடம்பு கொதித்து நினைவு தப்பியவனுக்கு வேண்டியது நிழல், உடம்பை நனைக்கத் தண்ணீர், ஆம்புலன்ஸ். அவன் வாயில் சாராயத்தை ஊற்றுவதா?

2020-ல் சீன அரசின் கொரோனா வழிகாட்டியில், சோர்வோடு வயிற்றுக் கோளாறும் இருப்பவர்களுக்கு என்று இந்தப் பெயர் வந்தது. அவ்வளவுதான், எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் அது கொரோனாவுக்கே மருந்தாகிவிட்டது. "தம்பி, வரும்போது ரெண்டு பெட்டி" என்றார் சித்தப்பா. அவருக்குச் சர்க்கரை, பிரஷர், கல்லீரலும் சுமார். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது ஆல்கஹால் சேர்க்காத வகையாகப் பார்த்து ஒரே ஒரு பெட்டி வாங்கி வந்தேன். அதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்றேன்.

ஒரு குப்பியை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"காரமே இல்லையேடா. டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டானா?"