அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

விரல் சூப்புவதை நிறுத்த ஒரு பிள்ளையின் விரலில் மிளகாய் தேய்க்கிறார்களே, அந்த வீடியோவைத்தான் சொல்கிறேன். லிங்க் போட மாட்டேன், அந்தக் குடும்பத்தின் பெயரையும் எழுத மாட்டேன். ஒருத்தர் கையைப் பிடித்துக்கொள்கிறார், இன்னொருத்தர் பச்சைமிளகாயைக் கிள்ளி அந்தப் பிள்ளையின் கட்டைவிரலில் தேய்க்கிறார். பிள்ளைக்கு மூன்று வயது இருந்தால் அதிகம். அது வழக்கம்போல விரலை வாயில் வைக்கிறது, அலறுகிறது, அப்புறம் அதே கையால் கண்ணைக் கசக்குகிறது. சுற்றிலும் சிரிப்பு. கீழே "எங்க அப்பாயி டெக்னிக்" என்று பெருமை வேறு.

ஊஞ்சலுக்கு நேர் மேலே ஒரு தஞ்சாவூர் ஓவியம் மாட்டியிருந்ததே, கவனித்தீர்களா? ஆலிலைக் கிருஷ்ணன். தங்க ரேக் ஒட்டி, கண்ணாடி போட்டு, பூ வைத்திருக்கிறார்கள். அவரும் கால் கட்டைவிரலை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டுதான் படுத்திருக்கிறார். அவருக்கு மிளகாய் தேய்க்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

அந்த வீடியோவுக்குக் கீழே நான் எழுதியது ஒரே வரி. "மூணு வயசுப் பிள்ளை விரல் சூப்புவது தப்பே இல்லை, தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள்." அதற்கு வந்த பதில்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

விரல் சூப்புவதை எந்தப் பிள்ளைக்கும் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. வயிற்றுக்குள் இருக்கும்போதே சூப்புகிறது, ஸ்கேனில் பார்க்கலாம். பிறந்தவுடன் பால் குடிக்க வேண்டுமே, அதற்கான உறிஞ்சும் பழக்கம் உடம்போடு வருகிறது. பசி இல்லாதபோதும் அது போகாது. தூக்கம் வந்தால், அலுப்பாக இருந்தால், புது ஆளைப் பார்த்தால் விரல் வாய்க்குப் போகும். தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்ள அதற்குத் தெரிந்த ஒரு வழி அது. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் தானாக விட்டுவிடும். அழுகையை அடக்கிக்கொள்ள ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்த வழியில் மிளகாயைத் தேய்த்து, அது அழுவதைப் படம் பிடித்துப் போடுகிறோம். தப்பு பிள்ளையிடமா இருக்கிறது?

இனி எனக்கு வந்த பதில்கள். "பல் தூக்கிக்கும், நீ வந்து கம்பி போட்டுவிடுவியா?" சரி, இது நியாயமான கேள்வி. மேல் முன்பல் வெளியே தள்ளும், கீழ்ப்பல் உள்ளே சாயும், வாயை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும், மேல் அண்ணம் குறுகும். எல்லாம் உண்மை. ஆனால் எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தமாக, எத்தனை வருடம் என்பதைப் பொறுத்தது அது. விரலைச் சும்மா வாயில் போட்டுக்கொண்டு தூங்கும் பிள்ளையும், சத்தம் கேட்க உறிஞ்சும் பிள்ளையும் ஒன்றல்ல. ஆறு ஏழு வயதில் நிலையான முன்பற்கள் முளைக்கின்றன. அதற்கு முன்னால் விட்டுவிட்டால் பால்பல்லில் வந்த கோணல் பெரும்பாலும் தானாகவே சரியாகும். நாலு வயது தாண்டியும் விடாமல் அழுத்திச் சூப்பினால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். நகச்சுற்று வந்தாலும் காட்டுங்கள். காட்டவே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? மூன்று வயதில் மிளகாய் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

"பெண் பிள்ளைக்குப் பல் தூக்கினா யார் கட்டுவா?" என்று கேட்டவருக்குப் பதில் கிடையாது. மூன்று வயதுக் குழந்தைக்கு மாப்பிள்ளை பார்ப்பவரோடு நான் என்ன பேச?

"வாய்க்குள்ள கிருமி போகும்." போகும். கையைக் கழுவிவிடுங்கள். ஆனால் சின்ன வயதில் கொஞ்சம் கிருமி உள்ளே போனால் ஒவ்வாமை குறையலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. நியூசிலாந்தில் டுனெடின் ஊரில் பிறந்த பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, 2016இல் ஓர் ஆய்வு வந்தது. விரல் சூப்பாத, நகம் கடிக்காத பிள்ளைகளில் 49 சதவீதம் பேருக்குப் 13 வயதில் தோல் பரிசோதனையில் ஒவ்வாமை தெரிந்தது. இந்த இரண்டில் ஒரு பழக்கமாவது இருந்தவர்களில் 38, இரண்டும் இருந்தவர்களில் 31. அதற்காக விரல் சூப்பச் சொல்லிக்கொடுங்கள் என்று அந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"நம்ம முன்னோர் முட்டாளா?" இதுதான் எனக்கு எரிகிறது. முன்னோர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அம்மா நடவுக்குப் போகும்போது தம்பியையும் தூக்கிக்கொண்டு போவார். வரப்போரம் பூவரசு மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வயலில் இறங்குவார். பாதி நடவில் ஏறி வந்து பால் கொடுக்க முடியாது, வரிசை நிற்கும், கூலி போகும். தம்பி அழுவான், கொஞ்ச நேரத்தில் விரலைக் கண்டுபிடிப்பான், அடங்கிவிடுவான். அப்போது எல்லாரும் "சமத்துப் பிள்ளை" என்றார்கள். நடவு முடியும்வரை அந்த விரல் எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

நாலு வயதில் அதே விரல் கெட்ட பழக்கம் ஆகிவிட்டது. அப்பாயி முதலில் வேப்பெண்ணெய் தடவினார். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே சூப்பிக் கசப்பைத் தீர்த்துவிட்டு மேலே சூப்பினான். அப்புறம்தான் மிளகாய். கண்ணைக் கசக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினான். மிளகாய்க் காரம் தண்ணீரில் போகாது, எண்ணெய்க்கோ பாலுக்கோதான் இறங்கும். அந்த வீடியோவிலும் சொம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றுகிறார்களே, அது பரவத்தான் செய்யும். முழங்கால்வரை சேறோடு வயலிலிருந்து ஓடிவந்த அம்மாதான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். அப்பாயியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற காலம் இல்லை அது.

தம்பி நிறுத்தினானா? இல்லை. போர்வைக்குள் போய்ச் சூப்ப ஆரம்பித்தான். அந்தக் கட்டைவிரல் எப்போதும் வெளுத்து, ஊறி, கணுவில் ஒரு காய்ப்போடு இருக்கும். யாராவது உள்ளே வந்தால் சட்டையில் துடைத்துக்கொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். ஒன்றாம் வகுப்புப் போன பிறகு எப்போதோ தானாக விட்டான். எப்போது என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. முன்பல் கொஞ்சம் எடுப்புதான். அந்தப் பல்லோடுதான் கூத்தாநல்லூரில் கடை வைத்து நன்றாக வியாபாரம் செய்கிறான். அப்பாயி என்றால் எனக்கு அதிரசம் ஞாபகம் வரும், அவனுக்கு அந்த மிளகாய்தான் முதலில் வரும்.

என்ன செய்வது என்று உண்மையாகவே கேட்பவர்களுக்கு: எந்த நேரத்தில் சூப்புகிறது என்று பாருங்கள். டிவி முன்னாலா, தூங்கப் போகும்போதா? அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதனிடமே பேசுங்கள், அது சம்மதித்தால் ராத்திரி விரலில் ஒரு பிளாஸ்டர் சுற்றலாம். சூப்பாத நேரத்தில் பாராட்டுங்கள். விருந்தாளி முன்னால் சொல்லிக் காட்டாதீர்கள். இதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கும், வீடியோ எடுக்க ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அதே வீடியோவில் ஓரமாக ஒருத்தர் உதட்டுக்குள் புகையிலையை அதக்கிக்கொண்டு சிரிக்கிறாரே, அவர் விரலில் யார் மிளகாய் தேய்ப்பது? தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013இலேயே தடை. பெட்டிக்கடையில் சைகை காட்டி வாங்கி வாயில் போடுகிற நாற்பது வயது ஆளை "பாவம், விட முடியலை" என்கிறோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாவம் கிடையாது. அதற்கு எதிர்த்துப் பேசத் தெரியாது, அதனால் அதன் கையை இரண்டு பேர் பிடித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, "பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும்" என்று எழுதிய அண்ணன். இதைப் பேசக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். பெறவில்லைதான். தம்பியின் இரண்டு பெண்களும் தூக்கம் வந்தால் என் மடிக்குத்தான் வரும். சின்னவள் ஒரு கை விரலை வாயில் வைத்து, இன்னொரு கையால் என் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே தூங்குவாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உங்கள் கமெண்ட்டுக்கு எண்பத்துச் சொச்சம் லைக். அதில் என் சொந்தக்காரர்கள் சிலரும் இருக்கிறார்கள், பார்த்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வரும்போது பேசிக்கொள்ளலாம்.

பல்லைப் பற்றிச் சந்தேகம் கேட்பவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மிளகாய்க்கு வக்காலத்து வாங்குபவர்கள் வர வேண்டாம். நாளைக்குக் குறுவை நாற்றுப் பறிக்க ஆள் வருகிறது, பதில் போட எனக்கு நேரம் இருக்காது.