பணிக்கரின் ஜாதகக் கட்டங்கள்

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றி நீங்கள் கட்டுரை எழுதியதற்கு நன்றி. ஆனால் 1963-இல் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் மனசுக்கு ஆறவில்லை.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம். எங்கள் தாத்தாவின் ஜாதகமும் நிலப் பத்திரங்களும் மலையாளத்தில்தான், எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்தியவை. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிற பணிக்கர் காட்சிக்கூடத்தில் அந்த வரிசையை முதலில் பார்த்தபோது, கட்டங்களும் மலையாளம் மாதிரியான எழுத்துகளும் எண்களுமாக, படித்துவிடலாம் என்று கிட்டப் போனால் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை, ஆனாலும் தாத்தாவின் ஜாதகத்தையே விரித்து வைத்தது போல இருந்தது. அரைமணி நேரம் அங்கேயே நின்றேன்.

ஆரம்பத்தில் நீர்வண்ணத்தில் நிலக்காட்சிகள் வரைந்தவர், அப்புறம் மனித உருவங்களுக்குப் போனவர், ஐம்பது வயதைத் தாண்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு இப்படி ஒரு மொழியைக் கண்டுபிடித்திருக்கிறார்! 1966-இல் சென்னைக்குப் பக்கத்தில் அவர் முன்னின்று அமைத்த ஓவியர் கிராமமான சோழமண்டலம் உருவானது பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள், சரி. நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்தில் திருவனந்தபுரம், ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.