பழைய புக்குதான், அதுக்கென்ன இப்ப?

நேத்து கிருஷ்ணகிரி மண்டபத்துல நடந்த ஷேர் டிரேடிங் கிளாஸ் வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க. நான் கேட்டது ஒரே கேள்வி, "சார், கம்பெனியோட சொத்து, கடன் கணக்கு, அதான் பேலன்ஸ் ஷீட், எப்ப சொல்லித் தருவீங்க?" அதுக்கு அந்த மாஸ்டர், "1949 புக்கை கக்கத்துல வெச்சிக்கிட்டு வந்துட்டாரு பாரு"ன்னாரு. ஹாலே சிரிச்சுது. சிரிங்க, நல்லா சிரிங்க.

அந்த 1949 புக்கை எழுதுன அமெரிக்க முதலீட்டாளர் பெஞ்சமின் கிரஹாம் சும்மா கதை வுட்ட ஆள் இல்லைங்க, 1929 சரிவுல செம அடி வாங்கிட்டு, அதுக்கப்புறம் 1934ல டேவிட் டாட்னு ஒருத்தர் கூட சேந்து ஒரு புக்கு, 1949ல தனியா 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்'னு எழுதினவரு. ஷேர் வெல தெனம் ஏறி எறங்கறத பாக்காத, கம்பெனிய பாரு, அவ்ளோதான் விஷயம். ஷேர்லயே பெரும் பணக்காரரான வாரன் பஃபெட் படிச்சா ஞானி, நான் படிச்சா கோமாளியா?

அந்த புக்குல மிஸ்டர் மார்க்கெட்னு ஒரு கற்பனை கூட்டாளி டெய்லி வந்து ஷேருக்கு வெல சொல்வாரு, குஷின்னா எக்கச்சக்கமா, பயந்துட்டா அடிமாட்டு வெலைக்கு. படிச்சதும் எனக்கு ராயக்கோட்டை தக்காளி மண்டிதான் ஞாபகம் வந்துச்சு. ஒரு நாள் எங்கப்பா வண்டிய நிறுத்தறதுக்குள்ள பெட்டிய புடிச்சி இழுப்பாங்க, இன்னொரு நாள் வண்டி வாடகைக்கே கட்டாம ரோட்டோரம் கொட்டிட்டு வருவாரு. தக்காளி அழுகிடும், வந்த வெலைக்கு குடுத்தே ஆகணும். நல்ல கம்பெனி ஷேர் நாளைக்கே அழுகாதுல்ல? அப்பறம் ஏன்யா தெனம் வித்து வாங்கணும்?

"அது அமெரிக்கா"ம்பீங்க. சரி, அதுல வர்ற ரயில்வே கம்பெனி பாண்டு, அதான் கடன் பத்திரம், அந்த கதையெல்லாம் நமக்கு வேலைக்காகாது, தாண்டிப் படிங்க. "படிச்சு பணக்காரன் ஆயிட்டியா?" இல்ல. உங்க மாஸ்டர் ஆயிட்டாருன்னா எதுக்கு மண்டபம் புடிச்சி ஃபீஸ் வசூல் பண்றாரு?

2024 செப்டம்பர்ல ஷேர் மார்க்கெட்டை கண்காணிக்கிற செபியே சொல்லிருச்சு, மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓ, அதான் ஷேர் வெல ஏறுமா எறங்குமான்னு முன்கூட்டியே ஒப்பந்தம் போடற டிரேடிங், பண்ண தனி ஆளுங்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தமா 1.8 லட்சம் கோடிக்கு மேல. அதுல எங்க சித்தப்பா பையனும் ஒருத்தன், பொண்டாட்டி தாலிக்கொடி இன்னும் அடகு கடைலதான் இருக்கு, அவனும் முன் வரிசைல உக்காந்து என்னை பாத்து சிரிச்சான் பாருங்க! மாஸ்டர் சிரிச்சது கூட பரவால்ல, அவர் பொழப்பு அது.

சிரிச்சவங்கள்ல ரெண்டு பேர் காலைல இன்பாக்ஸ்ல வந்து "ப்ரோ, அந்த புக்கு பிடிஎஃப் இருக்கா"ன்றாங்க. இருக்கு, தரமாட்டேன். கிளாஸுக்கு ஆயிரக்கணக்குல கட்டுனீங்கல்ல, புக்கையும் காசு குடுத்து வாங்குங்க.